ஐந்தாவது கரண்டி

லிப்ட் மெக்கானிக்குக்கு அன்று மதியம் ஒரே ஒரு வேலைதான். காதலி வீட்டில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவள் அப்பா கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அப்பாவுக்கு இங்கிலீஷ்னா உயிர். நாலு வார்த்தை எடுத்து விடு, மனுஷன் உருகிடுவார்" என்று சொல்லி அவளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். மூக்கு முட்டச் சாப்பிட்டவர்கள் ஆங்கிலத்தில் என்னென்ன சொல்வார்கள் என்ற பட்டியல். பாவம், பதினாறு மாடிக் கட்டடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து மூன்று நாள் மனப்பாடம் செய்தான்.

அப்பா, பேச்சு ஆங்கிலம் கற்றுத்தரும் சின்னப் புத்தகம் ஒன்றைப் போட்டவர். இரண்டாம் பதிப்புக்கு ஒரு பிடிவாதம் பிடித்திருந்தார்: அந்தந்த நிலையில் இருக்கிற ஆள் சொல்லித் தன் காதால் கேட்காத எதையும் அச்சில் ஏற்ற மாட்டார். கோபம் பற்றிய அத்தியாயத்துக்காக மனைவியை இரண்டு நாள் சீண்டினார். குளிருக்காக ஜன்னலையெல்லாம் திறந்து போட்டார், வீடே தும்மியது. இப்போது நடந்துகொண்டிருந்தது அளவுக்கு மீறிய சாப்பாடு பற்றிய அத்தியாயம். அதை அவர் பெற்ற புண்ணியவதி இவனிடம் சொல்லித் தொலைக்கவில்லை.

முதல் தட்டு காலியானதும், "ஐ ஆம் ஃபுல், அங்கிள்" என்றான்.

"சபாஷ்!" அவர் நோட்டில் எழுதிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு போட்டார், குழம்பும் ஊற்றினார். வருங்கால மாமனார் கையால் போட்டதை மிச்சம் வைக்கலாமா? வழித்துச் சாப்பிட்டான்.

"ஐ ஆம் ஸ்டஃப்ட்." இன்னொரு கரண்டி. வயிற்றைவிடக் கண் பெரிதாகிப் போனது என்கிற ஆங்கிலப் பேச்சை எடுத்தான். இன்னொரு கரண்டி. பன்றி மாதிரி தின்றேன் என்பதையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தான். அதற்கும் ஒரு கரண்டி விழுந்தது. பெல்ட்டை மேஜைக்கு அடியில் இரண்டு துளை தளர்த்திவிட்டான். பட்டியல் தீர்ந்துவிட்டது.

ஐந்தாவது கரண்டி தட்டை நோக்கி வந்தபோது இரண்டு கைகளாலும் தட்டை மூடினான்.

"மாமா, சத்தியமா முடியல. இங்கிலீஷும் எனக்கு வராது. அவ எழுதிக் குடுத்ததை ஒப்பிச்சேன். எனக்குத் தெரிஞ்சது லிப்ட்டுதான். எட்டுப் பேர் போற லிப்ட்டுல பன்னெண்டு பேர் ஏறினா கதவும் மூடாது, வண்டியும் நகராது. நான் இப்ப அந்த நிலைமைல இருக்கேன்."

எல்லாம் போச்சு என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்பா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். "அந்த நாலும் என் முதல் பதிப்பு, இருபத்தெட்டாம் பக்கம். வரிசைகூட மாறல. ரெண்டாவதுலயே கண்டுபிடிச்சிட்டேன்."

"அப்புறமும் ஏங்க அந்தப் பிள்ளைக்குப் போட்டுக்கிட்டே இருந்தீங்க?" அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நிஜமா வயிறு நிறைஞ்சவன் என்ன சொல்றான்னு கேக்கணும்ல? இப்பத்தான் கேட்டேன்." லிப்ட் விஷயத்தைத் தமிழிலேயே நோட்டில் எழுதினார். "மனப்பாடம் பண்ணினதை வெச்சு இவனால ரொம்ப நேரம் ஏமாத்த முடியாது. நம்ம பொண்ணுக்கு அது போதும்." பேனாவை மூடினார். "மாப்பிள்ளை, எழுந்து கை கழுவுங்க."

மாப்பிள்ளை! சந்தோஷத்தில் அவனுக்குத் துள்ளி எழ வேண்டும் போலிருந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை முயன்றான்.

"ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க, மாமா" என்றான்.