சுயம்புராஜ் அண்ணாச்சியின் முதுகு

வடசேரிச் சந்தைக்கு வந்துபோகும் சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், வாழைக்குலை வியாபாரி சுயம்புராஜின் முதுகெலும்பில் நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது. ஏழு வருடமாக. நம்பாதவர்களுக்குக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஸ்கேன் படம் இருந்தது. அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் யாரும் மட்டிப்பழம் வாங்கிவிட முடியாது.

படம் எடுத்த நாளிலிருந்து அவர் குலை தூக்கியதில்லை. இறக்குவதும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதும் மனைவி ஞானத்தின் வேலை.

மாத்திரை, வர்ம ஆசான், எண்ணெய்க்கட்டு எல்லாம் முடிந்து பிசியோதெரபிஸ்ட் சபிதாவிடம் போனபோதும் படத்தோடுதான் போனார். அவள் மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு உறைக்குள் போட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு நோவும் இல்லாதவங்களுக்கும் படத்துல இது உண்டு.”

“அப்போ நான் ஏழு வருசமா நடிக்கியனா?”

“ஆரு சொன்னா? உங்க வீட்டுல நாய் உண்டா?”

“உண்டு.”

“ஒருநாள் கள்ளன் ஏறிட்டான்னு வையுங்க. அதுக்கப்புறம் இலை விழுந்தாலும் அது குரைக்கும். குரைக்கது நெசம். கள்ளன் இல்ல. அதுக்காவ வீட்டைப் பூட்டிட்டு உள்ளேயே இருக்க முடியுமா? இன்னைக்குக் குனிஞ்சு ஒரு சீப்புப் பழம் எடுங்க. வாற வாரம் ரெண்டு. நாய் பழகும். கடைசில குலை.”

அண்ணாச்சிக்கு நாய் பிடித்துப்போயிற்று, சீப்பு பிடிக்கவில்லை. மறுநாளே கடையில் வகுப்பு தொடங்கிவிட்டது. மூட்டுவலிக்காரர், கழுத்துவலிக்காரர், ஒரு வலியும் இல்லாமல் ஏத்தங்காய் வாங்க வந்த பெண், எல்லாருக்கும் மூளை, நரம்பு, நாய். “வலின்னா கேடு இல்ல கேட்டியளா, அசையணும், அசைஞ்சாத்தான் தீரும்” என்று நாற்காலியில் அசையாமல் சாய்ந்தபடி சொல்வார். பின்னால் ஞானம் குலை கட்டிக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் ஒரு காலை அவளுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

“பயப்படாதட்டி ஞானம், அது நாய் குரைக்கது.”

“குரைக்கட்டு. இந்தக் குலையை ஆரு கட்டுவா, உங்க நாயா?”

பேராசிரியர் அன்றைக்கு வகுப்பை நிறுத்திவிட்டார். அவளைச் சபிதாவிடம் கூட்டிப்போனார். ஸ்கேன் வேண்டாமா, எந்த நரம்பு என்றெல்லாம் கேட்டார். சபிதா ஞானத்தின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, என்ன வேலை செய்யிய?”

“குலை தூக்குவேன்.”

“எத்தன வருசமா?”

“இவருக்கப் படம் எடுத்த அன்னையில இருந்து.”

சபிதா அண்ணாச்சியைப் பார்த்தாள், பிறகு ஞானத்திடம் சொன்னாள்: “ஒரு மாசம் குலை தொடாண்டாம். கையை மட்டும் அசைச்சுக்கிட்டே இருங்க.”

அன்று சாயங்காலம் அண்ணாச்சி யாரும் பார்க்காதபோது குனிந்து ஒரு சீப்பு எடுத்தார். அடுத்த வாரம் இரண்டு. குலை கட்ட மட்டும் பக்கத்துக் கடை கோலப்பனைக் கெஞ்சினார். நாலாவது வாரம் கோலப்பன், “வே, இனி உம்ம நாயை அவுத்து விடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி ஒரு சின்ன மட்டிக்குலையைக் கட்டிப்பிடித்தார். ஏழு வருடத் தட்டு தெறித்துச் சந்தை நடுவில் விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார்.

குலை கயிற்றில் தொங்கியது. முதுகு வலித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.