அறுபது பேர் ஏற வேண்டிய பஸ்

கிராமத்து ஜனங்கள் பஸ்ஸில் ஏறுவதற்குப் பதினோரு காரணிகள் உண்டு என்று போக்குவரத்து ஆய்வு நிலையத்தின் இயக்குநர் ராஜகோபாலன் கண்டுபிடித்திருந்தார். எங்காவது போக வேண்டியிருப்பது அந்தப் பதினொன்றில் சேரவில்லை. அவருடைய சூத்திரப்படி, டில்லியில் நஜஃப்கருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தில் காலை பஸ்ஸுக்கு அறுபது பேர் ஏற வேண்டும். எண்ணிவர உதவியாளர் பத்மநாபனை அனுப்பினார். ஆள் குறைந்தால் பஸ்ஸை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு.

பத்மநாபனுக்கு ஓய்வுபெற இன்னும் நாலு வருஷம். இடுப்பு முன்கூட்டியே ஓய்வு பெற்றிருந்தது. மே மாத வெக்கையில், ஆபீஸ் ஜீப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

பஸ் வந்தது. ஒருவரும் ஏறவில்லை. கண்டக்டர், இன்றைக்கு எல்லாரும் செத்துத் தொலைந்தார்களா என்று இந்தியில் கேட்டுவிட்டு விசிலடித்தார்.

பத்மநாபன் பூஜ்யம் போட்டார். திரும்பினால், சாலையோரக் குடிசைகளின் வாசல்தோறும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். குளித்து, தலைவாரி, கையில் ரேஷன் கார்டுடன், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி.

“முருகா” என்று அவர் முனகியதைக் கேட்டு ஒருத்தி ஓடிவந்தாள். பெயர் முத்தம்மா. ஜனக்புரியில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள்.

“சார் தமிழா! எங்க வீட்ட எப்ப எழுதுவீங்க? விடியறதுலேர்ந்து நிக்கிறோம்.”

“வீடா? நான் பஸ்ஸுக்குன்னா வந்திருக்கேன்.”

“இப்பத்தானே சார் போச்சு? ஏறியிருக்கலாமில்ல?”

அவர் விளக்கினார். பிறகு அவள் விளக்கினாள். ஜீப்பும் அட்டையும் வந்தால் குடிசைக் கணக்கெடுப்பு என்று அர்த்தம். அன்றைக்கு ஆள் வீட்டில் இல்லாவிட்டால், இடிக்கும்போது மாற்று மனை கிடையாது. போன தடவை வேலைக்குப் போய்விட்ட மாசிலாமணியின் குடும்பம் இன்னும் பாலத்தடியில் கிடக்கிறது.

“பூஜ்யம்னு எழுதினா பஸ்ஸ நிறுத்திடுவாம்மா.”

“ஐயையோ! பஸ்ஸு இல்லாட்டி மூணு வீடும் கைய விட்டுப் போயிரும் சார். நாளைக்கு வாங்க, கூரைமேல ஏறிக் காட்டறோம். அந்த ஜீப்ப மட்டும் கொண்டாராதீங்க.”

திரும்பும் வழியெல்லாம் பத்மநாபன் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். இயக்குநர் அறையில் அது முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை.

“ஒருத்தரும் ஏறலை சார். ஏன்னா...”

“பூஜ்யமா?” ராஜகோபாலன் கண்ணாடியைக் கழற்றினார். “ஃபார்முலா அறுபதுங்கறதே!”

“அதான் சார், அவா எல்லாரும் ஜீப்பைப் பார்த்துட்டு...”

“ஜீப் ஒரு காரணியே இல்லை, பத்மநாபன். அடுத்த வாரம் இதைக் கருத்தரங்கத்துல படிக்கப்போறேன். சூத்திரம் தப்பாது. நீங்கதான் சரியா எண்ணலை. அறுபதுன்னு போடுங்கோ.”

“நாளைக்கு மறுபடி போய் எண்ணிண்டு வரேனே சார்? ஜீப் வேண்டாம்.”

“எதுக்கு? எழுபதுன்னு வந்து நிக்கறதுக்கா? போடுங்கோ.”

பஸ் பிழைத்தது. எதற்காகப் பிழைத்தது என்று முத்தம்மாவிடம் சொல்ல நேர்ந்தால் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் பத்மநாபனுக்கு விளங்கவில்லை. போட்ட பூஜ்யத்தை அடிக்கக்கூட அவசியமிருக்கவில்லை. அதற்கு முன்னால் ஓர் ஆறு எழுதினார்.