தொடர்புக்கு: குமரேசன்

மனித குலத்தை இத்தனை நூற்றாண்டுகளாக அழியாமல் காத்துவருவது நட்பு ஒன்றே. இந்தப் பேருண்மையை விழுப்புரம் நகரம் பத்துக்கு எட்டடி ஃப்ளெக்ஸில் படித்துத் தெரிந்துகொண்டது. அடித்தது குமரேசன் டிஜிட்டல்ஸ். வாசகத்தை எழுதியவரும், நடுவில் கைகட்டி நின்று வானத்தைப் பார்த்தவரும் கடையின் உரிமையாளர் குமரேசன்தான். அவருக்கு இரண்டு பக்கமும் பன்னிரண்டு நண்பர்கள், கூலிங்கிளாஸோடும் இல்லாமலும். நட்பின் செய்தியைச் சுமந்துகொண்டு காஷ்மீர் வரை சைக்கிள் மிதிக்கப்போகிற ஜெகதீசன் கீழே வலது மூலையில், பாஸ்போர்ட் அளவில் இருந்தார். சைக்கிளுக்கு இடம் போதவில்லை.

ஜெகதீசன் மோட்டார் காயில் கட்டுகிறவர். திருவெண்ணெய்நல்லூர் வரைக்கும் யார் கிணற்றில் மோட்டார் எரிந்துபோனாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். மனைவி சித்ரா இறந்து இரண்டு வருடம். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு விடிந்தால் வீட்டில் உட்கார முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மண்டகப்பட்டு வரை போய்த் திரும்ப ஆரம்பித்தார். அப்புறம் செஞ்சி, அப்புறம் திருவண்ணாமலை. ஒருநாள் டீக்கடையில், காஷ்மீர் வரைக்கும் போய்ப் பார்க்கலாமென்று இருக்கிறேன் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நட்பு, மனித குலம், வழியனுப்பு விழா எல்லாம் குமரேசன் சேர்த்தது.

இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பத்தாவது கணக்குப் பரீட்சையில் ஜெகதீசன் விடைத்தாளைச் சாய்த்துப் பிடித்ததால் குமரேசன் பாஸானார். இந்தச் சம்பவத்தைக் குமரேசன் மறைத்ததேயில்லை, எல்லா மேடையிலும் சொல்வார். சொல்லி முடிக்கும்போது தாளைச் சாய்த்தவர் குமரேசன் என்று ஆகியிருக்கும்.

வழியனுப்பு விழா காலை ஆறு மணிக்கு என்று போட்டிருந்தது. கொடியசைக்க வேண்டிய கட்சி நகரச் செயலாளர் வந்து சேர்ந்தபோது ஒன்பதே கால். அதுவரை ஜெகதீசன் வெயிலில் ஹெல்மெட்டோடு நின்றார். கழற்றினால் தலை கலைந்துவிடும், போட்டோ கெட்டுவிடும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஐந்து பேர் பேசினார்கள். பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவான ‘நட்பூக்கள்’ சார்பில் உறுதிமொழி எடுக்கப்பட்டது: நாள் தவறாமல் மாலை ஆறு மணிக்கு, ஒருவர் மாற்றி ஒருவர் நண்பனை அழைத்துப் பேசுவது. திங்கள் பாக்கியராஜ், செவ்வாய் சீனுவாசன் என்று பட்டியலும் வாசித்தார்கள். குமரேசன் ‘பயணத் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்’ ஆனார். அந்தப் பதவியை உருவாக்கியதும் அவர், ஏற்றதும் அவர், அதற்காகச் சால்வை போர்த்திக்கொண்டதும் அவர். ஜெகதீசனுக்கு மஞ்சள் பனியன் இரண்டு கிடைத்தது. முதுகில் ‘தொடர்புக்கு: குமரேசன்’ என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர்.

“ரெண்டு மாசமும் நீ தனியா இல்ல மச்சான். உன் பின்னாலயே நான் இருக்கேன்” என்று குமரேசன் கட்டிப்பிடித்துச் சொன்னார். முதுகில் அவர் பெயர் இருந்தவரை அது உண்மைதான்.

நம்பர்தான் அவருடையது அல்ல.

ஃப்ளெக்ஸ் கடையில் எதையும் புதிதாகச் செய்வதில்லை. பழைய ஃபைலைத் திறந்து, போட்டோவை மாற்றி, பெரிய எழுத்தை மாற்றினால் புது ஃப்ளெக்ஸ். ஒரு காதுகுத்து கண்ணீர் அஞ்சலியாக மாறுவதற்குப் பத்து நிமிடம் போதும். சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை என்பது இருபது வருடத் தொழிலில் குமரேசன் கண்ட முடிவு. நட்புப் பயணத்துக்கு அவர் திறந்தது, திண்டிவனத்தில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற ஜெசிந்தா என்ற அம்மாளுக்குப் போன வருடம் அடித்த விளம்பரம். மஞ்சளும் நீலமும் எடுப்பாக இருந்தன, பனியனுக்கும் அதையே எடுத்துக்கொண்டார். பிரியாணி அண்டாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் படத்தை வைத்தார். பெயரை மாற்றினார். அதற்குள் யாரோ டீ சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் உறுதிமொழி ஓரளவு நடந்தது. திங்கட்கிழமை பாக்கியராஜ் கூப்பிட்டு, ஆந்திரா பக்கம் மிளகாய் என்ன விலை போகிறது என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை சீனுவாசன் கூடூர் எலுமிச்சை பற்றி விசாரித்தார். புதன்கிழமைக்காரருக்கு மாமியார் வீட்டில் விசேஷம். வியாழக்கிழமை கூப்பிட்டவருக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று வந்தது. அவர் அதைக் குழுவில் போட, குமரேசனும் ஒருமுறை அடித்துப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப்தான். டவர் இருக்காது என்று முடிவு செய்தார்.

ஆனால் மாலை ஆறு மணி ஆனது. குழுவில் நாற்பத்தொரு பேர் செய்திக்குக் காத்திருந்தார்கள், அல்லது காத்திருப்பதாகக் குமரேசனுக்குத் தோன்றியது. வழியனுப்பு விழாப் படம் ஒன்றிலிருந்து ஜெகதீசனைச் சைக்கிளோடு வெட்டி எடுத்து, ஓர் ஆற்றுப்பாலத்தின் மேல் ஒட்டினார். ‘கிருஷ்ணா நதியைக் கடந்தான் நம் நண்பன். சற்று முன் என்னிடம் பேசினான். குரலில் சோர்வில்லை’ என்று எழுதிப் போட்டார். முப்பத்தெட்டு பேர் கைகூப்பினார்கள். ஜெகதீசன் தானே அனுப்பிய படங்களுக்கு ஏழுக்கு மேல் வந்ததில்லை.

அதன் பிறகு பயணம் மிக ஒழுங்காக நடந்தது. நாளுக்கு எண்பது கிலோமீட்டர், ஞாயிறு ஓய்வு. ஹைதராபாத் வந்தது, நாக்பூர் வந்தது. தினமும் அழைக்க வேண்டிய தொல்லை விட்டதில் மற்றவர்களுக்கும் நிம்மதி. ஒருங்கிணைப்பாளரே பேசிவிடுகிறார், பாவம், களைத்து வருகிறவனை எத்தனை பேர் தொந்தரவு செய்வது? மலர்விழி என்று கூடப் படித்த ஒருத்தி மட்டும், சார்மினார் வாசலில் நம்ம ஊர் ஆட்டோ நிற்கிறதே என்று கேட்டாள். நல்ல முயற்சிகளைக் கொச்சைப்படுத்த வேண்டாம் என்று ஆறு பேர் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். மறுநாள் குழுவில் அட்மின் மட்டுமே பேசலாம் என்று குமரேசன் மாற்றிவைத்தார்.

இந்த நாட்களில் அவர் போனில் ‘திண்டிவனம் கேட்டரிங்’ என்ற பெயர் அடிக்கடி வந்தது. காலையில் வரும், மத்தியானம் வரும், சாயங்காலமும் வரும். போன வருட விளம்பரத்தில் தெருப் பெயர் தப்பாக விழுந்த விஷயமாகத்தான் இருக்கும் என்று குமரேசனுக்கு நிச்சயம். சரக்கு எடுத்துப்போன பார்ட்டியின் போனை எடுக்கும் வழக்கம் தொழிலில் கிடையாது.

அவர் போனை எடுக்காததால் ஜெசிந்தா பஸ் ஏறி வந்தாள்.

குமரேசன் தலையை உயர்த்தாமலே, “தெரு பேரு மேட்டர்தானம்மா? அடுத்த வாரம் வேற அடிச்சுத் தர்றேன்” என்றார்.

“அத்த வுடுங்கண்ணா” என்று அவள் பையிலிருந்து ஒரு மஞ்சள் பனியனை எடுத்து மேசைமேல் முதுகுப்பக்கம் தெரிய விரித்தாள். துவைத்து, மடிப்புக் கலையாமல் இருந்தது. “இது யார் நம்பருன்னு சொல்லுங்க.”

குமரேசன் படித்தார். தன் நம்பரை மனதுக்குள் சொல்லிப் பார்த்து மறுபடி படித்தார்.

ஜெசிந்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மாதத்துக்கு முன்னால் ஆந்திரா நம்பரிலிருந்து ஒருவர் கூப்பிட்டுக் குமரேசன் இருக்கிறானா என்று கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டாள். மறுபடி வந்தது, வேறொரு நம்பரிலிருந்து. மூன்றாவது முறை அந்த ஆள் அழுதுவிட்டார். ஓங்கோல் தாண்டி யாரோ பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், போனும் அதோடு போயிற்று. யார் நம்பரும் மனப்பாடம் இல்லை. முதுகில் இருப்பது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் டீக்கடைக்காரரிடமோ லாரிக்காரரிடமோ போனைக் கடன் வாங்கி, பனியனைக் கழற்றி வைத்துப் படித்துப் படித்து அடித்தாராம். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. விழுப்புரம் ஃப்ளெக்ஸ் கடைக் குமரேசன் என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு ஆள் புரிந்தது; உடனே கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மாதா கோயில் சாமியாரிடம் ஓடினாள். அவருக்குத் தெரிந்த ஒரு ஃபாதர் அந்தப் பக்கம் இருந்தார். அவர் போய் ஆளைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டெங்கு. பதினோரு நாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, சமையல் வேலை முடிந்து, அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். நடக்க முடிந்ததும் அவள் வீட்டுக்காரர் போய் ரயிலில் அழைத்துவந்தார். இப்போது திண்டிவனத்தில் அவர்கள் வீட்டில் இருக்கிறார்.

“உங்களுக்கு முப்பத்தியோரு வாட்டி அடிச்சிருக்கேண்ணா. ஒரு வாட்டி எடுத்திருந்தீங்கன்னா நீங்களே போய் இட்டாந்திருக்கலாம்.”

குமரேசன் போனை எடுத்துத் தவறிய அழைப்புகளைப் பார்த்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது.

“அவன நம்ம ஊர்க்காரங்க யாராச்சும் பாத்தாங்களாம்மா? போட்டோ கீட்டோ எதுனா எடுத்தாங்களா?”

ஜெசிந்தா அவருக்குப் பின்னாலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரையில் இந்தியா கேட் முன்னால் ஜெகதீசன் சைக்கிளோடு நின்றார். இடது கால் இன்னும் வெட்டி முடியவில்லை.

“டில்லியா?”

“நாளைக்கித்தான்” என்றார் குமரேசன்.

அவள் பனியனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். போகும்போது, அந்த நம்பரை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடும்படி கேட்டாள். ஒரு நாளைக்கு நாலு பேராவது சைக்கிளைப் பற்றிக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள், ஆர்டர் எடுக்க முடியவில்லை. இப்போதே மாற்றிவிடுகிறேன் என்று குமரேசன் சத்தியம் செய்தார்.

மறுநாள் திண்டிவனம் போனார். ஜெசிந்தா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெகதீசன் வேகவைத்த மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பாதி ஆளாகியிருந்தார். சைக்கிள் சுவரோரம் இருந்தது, முன்சக்கரம் கோணலாக. குமரேசன் கண்கலங்கினார். உண்மையாகவே கலங்கினார். அதைத் துடைத்துக்கொண்டு, தன் திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இன்னும் மூன்று வாரம் வெளியே தலை காட்டாமல் இருந்தால் போதும், காஷ்மீர் வந்துவிடும். அதற்குள் உடம்பும் தேறும். மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது. நகரச் செயலாளர் வருகிறார். மேடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், பேச்செல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஜெகதீசன் கடைசிவரை கேட்டார்.

“உன் நம்பர நான் மனப்பாடம் பண்ணி வெக்கல. அது என் தப்பு” என்றார். பிறகு, “நீ எனக்கு எத்தினி வாட்டி அடிச்ச?”

“ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சு மச்சான்.”

“எத்தினி வாட்டின்னு கேட்டேன்.”

“ரெண்டு” என்றார் குமரேசன்.

ஜெகதீசன் இன்னொரு மல்லாட்டையை உரித்தார். “டில்லி வரிக்கும் நீயே போயிட்ட. மிச்சத்தையும் நீயே போயிட்டு வந்துடு. நான் வர்லடா.”

அவ்வளவுதான் பேச்சு. ஜெகதீசன் விழுப்புரம் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே ஒரு ரூம் பார்த்துக்கொண்டிருப்பதாக ஜெசிந்தா வீட்டுக்காரர் சொன்னார். கேட்டதும் குமரேசன் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு, அதுவும் நல்லதுக்குத்தான், ஊரில் யார் கண்ணிலும் படமாட்டான் என்று தோன்றியது.

நண்பன் இல்லாமல் விழாவை நடத்த முடியாது என்று முதலில் நினைத்தார். யோசித்துப் பார்த்ததில், நண்பன் இல்லாமல்தான் இத்தனை நாளும் நடந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிறைந்தது. மேடைக்குப் பின்னால் பன்னிரண்டுக்குப் பத்தடியில் ஃப்ளெக்ஸ். குமரேசன் மைக்கைப் பிடித்தார். நண்பன் காஷ்மீரை அடைந்துவிட்டான் என்றார், கைதட்டினார்கள். ஆனால் அவன் கால்கள் ஓயவில்லை, நட்பின் செய்தியோடு நேபாளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான், அதனால்தான் இன்று வர இயலவில்லை, இப்போதுதான் எல்லையிலிருந்து என்னோடு பேசினான் என்றார். எழுந்து நின்று தட்டினார்கள். பாக்கியராஜ் கண்ணைத் துடைத்தார். கணக்குப் பரீட்சைக் கதையும் சொல்லப்பட்டது. தொடர்பு என்பது தொலைவில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று முடித்தார். நகரச் செயலாளர் வழக்கம்போல் தாமதமாக, அந்தக் கைதட்டலின் நடுவில் உள்ளே வந்து மேடையேறினார்.

அவர் கெட்ட எண்ணம் இல்லாதவர். சுருக்கமாகப் பேசினார்.

“வர்ற வழியில, விழா ஆரமிச்சிட்டாங்களான்னு கேக்கலாம்னு ரோட்டோர ஃப்ளெக்ஸ்ல போட்டிருந்த நம்பருக்கு அடிச்சேங்க. ஒரு அம்மா எடுத்தாங்க. இன்னாருன்னு சொன்னதும் தம்பி ஜெகதீசன் கையிலயே போனக் குடுத்துட்டாங்க. ரொம்ப சந்தோஷம். ஏன்பா விழாவுக்கு வர்லன்னேன். திண்டிவனத்துல பட்டறை போட்டிருக்கேங்க, ஒரு மோட்டார் அவசரமாக் கட்டிக்கினு இருக்கேன்னாரு.”

முன்வரிசையில் மலர்விழி போனை எடுத்தாள். குமரேசன் திரும்பித் தன் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பழைய ஃபைலைத்தான் திறந்திருந்தார். பனிமலை சேர்த்திருந்தார். தன் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கியிருந்தார்.

கீழே, சின்ன எழுத்தில், ஜெசிந்தாவின் நம்பர் இருந்தது.