மெனுவைத் தொடாதீங்க

என் மகள் குட்டி தன் செருப்பை அலைக்குள் வீசியதும் என் கை தானாக ரிமோட்டைத் தேடும். அதுதான் அந்த டிவிடியின் கடைசிக் காட்சி. திரை ஒரு நொடி கறுக்கும், பிறகு மெனு வரும். அதற்குள் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். டிவி முழுச் சத்தத்தில் இருக்கும்போது அந்த மெனு வந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன். என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சரிந்தார். ரிமோட் கீழே விழுந்து பேட்டரி கட்டிலுக்கடியில் உருண்டது. ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். "ஆனா பலவீனமான இதயம்மா. திடுக்குனு எதுவும் ஆகாம பாத்துக்கங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து திடுக்கிடுவதெல்லாம் என் வேலையாகிவிட்டது.

அதிலுள்ள படத்தை எடுத்ததும் தொகுத்ததும் என் கணவர். நாங்கள் கடலுக்குப் போய்வந்த ஒரு நாள். கேமரா அவர் கையிலேயே இருந்ததால் படத்தில் அவர் எங்குமே இல்லை. காற்று இரைச்சலில் எங்கள் பேச்சும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். மெனுவில் மட்டும் அவர் இருக்கிறார். காது மந்தமான அப்பாவுக்காகக் கேமரா முன் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவார். "அப்பா! ஓகே பட்டன அமுக்குங்கப்பா!" பிறகு சிரிப்பார். மறுபடி முதலிலிருந்து. யாராவது அமுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அடுத்த மழைக்காலத்தில் ஒரு லாரி அவரைக் கொண்டுபோய்விட்டது.

மாமா தினமும் மதியம் அதைப் போட்டுவிடுவார். காதுக்கருவியை, "வண்டு குடையுது" என்று மேசை டிராயருக்குள் தள்ளி வெகுநாள் ஆகிறது. டிவி முழுச் சத்தத்தில் அலறினால்தான் பேத்தி பேசுவது அவருக்கு எட்டும். நான் பக்கத்தில் பூனைபோலக் காத்திருப்பேன். அடுத்த வாரத்திலிருந்து எனக்கு மதிய ஷிப்ட் என்று துணிக்கடை மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைக்க வீட்டில் ஆள் இருக்காது. டிவிடியை ஒளித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதைத் தேடித் தேடியே அவர் படுத்துவிடுவார்.

பழைய கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தரும் கடைக்காரர் டிவிடியைப் போட்டுப் பார்த்தார். "மெனு எதுக்கும்மா? தூக்கிட்டா போட்டதும் படம் ஓடும். எனக்கும் பாதி வேலை மிச்சம்."

"மெனுவத் தொடாதீங்கண்ணே. படத்தோட சத்தத்த மட்டும் அந்த மெனு அளவுக்கு ஏத்திக் குடுங்க."

"அதுதாம்மா கஷ்டம். சத்தத்தத் தனியா பிரிச்சு, ஏத்தி, திரும்ப அதே எடத்துல பிசகாம உக்கார வைக்கணும். கொஞ்சம் தப்புனா இந்தப் பட்டன அமுக்குனா வேற எங்கயாவது போய் நிக்கும். எங்க வீட்டு சுவிட்சு மாதிரி." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது ஒண்ணுதாண்ணே இருக்கு. இதுல பேசறவரு இப்ப இல்ல."

அவர் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். டிவிடியை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்து, "மொதல்ல காப்பி எடுத்துடறேன். அப்புறம்தான் கை வைப்பேன்" என்றார்.

புது டிவிடி வந்தது. டிவியைப் பாதிச் சத்தத்தில் வைத்தேன். குட்டி கடல் தண்ணீரை நக்கி, "உவ்வே, உப்பு!" என்றதும் மாமா சிரித்துவிட்டார். நன்றாகக் கேட்கிறது. செருப்பு பறந்தது. ரிமோட்டைத் தொடக்கூடாது என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரை கறுத்தது.

"அப்பா! ஓகே பட்டன அமுக்குங்கப்பா!"

சாதாரணமாக ஒருவர் கூடத்தில் நின்று பேசும் அளவுதான். மாமா அசையவில்லை. கட்டியிருந்த கைகளை அவிழ்த்தேன்.

"என்னம்மா, அவன் இப்படியா கூப்பிடுவான்?" என்றார் மாமா.

"அவருதான் மாமா. நல்லாத்தானே கேக்குது?" என்று அவர் காதருகே குனிந்து கேட்டேன்.

"கேக்குது. பக்கத்து வீட்டுல யாரோ யாரையோ கூப்பிடற மாதிரி கேக்குது." நெஞ்சில் விரலால் தட்டிக் காட்டினார். "அன்னிக்குக் கூப்பிட்டான் பாரு, இங்க வந்து இடிச்சுது. பக்கத்துலயே வந்து நின்னுட்டான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நீ விடவே இல்ல. அதுக்காகத்தான் தெனம் கடைசிவரைக்கும் உக்காந்திருக்கேன். சரியா அந்த நேரத்துல கொறைச்சிடற."

பேத்தியைப் பார்க்கத்தான் உட்காருகிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்குள் ரிமோட் அவர் கைக்குப் போய்விட்டது.

"மாமா, வேணாம். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

கேட்கவில்லையோ, கேட்க விரும்பவில்லையோ. திரையின் அடியில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன. "அப்பா!" இன்னும் கொஞ்சம் உரக்க. அவர் ஓகே பட்டனை அமுக்கவில்லை. இன்னும் சில கோடுகள். பாய்ந்து பிடுங்கலாம். பிடுங்கினால் அதுவே அவரைத் தூக்கிப் போட்டுவிடுமோ என்று பயந்து, நீட்டிய கையோடு நடுவில் நின்றேன். திங்கட்கிழமை இந்தக் கைகூட இங்கே இருக்காது.

"அப்பா!" அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. மாமா இடது உள்ளங்கையை விரித்து நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். வலிக்கிறதா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசிக் கோடும் நிறைந்தது. திரையில் என் கணவர் சிரித்து முடித்து, அடுத்த அழைப்புக்கு மூச்சை இழுத்தார்.