காரம் போடாத கத்தரிக்காய்

ஒரு மாதத்துக்குப் பாக்கெட் சாப்பாடு கிடையாது என்று விடுதி அறைச் சுவரில் எழுதி ஒட்டியவள் சுவர்ணாதான். நூடுல்ஸ், சிப்ஸ், பிஸ்கட் என்றே இரண்டு வருடக் கல்லூரியை ஓட்டியதில் அவளுக்கு வயிற்றில் புண் வந்து, தார்வாட் டாக்டர் ஒருவர் திட்டி அனுப்பியிருந்தார். "நானும் உன்கூட விட்டுடறேன்டீ" என்று அறைத்தோழி மஹானந்தா சும்மா ஒட்டிக்கொண்டாள். பதினெட்டாம் நாள், மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த பெண்கள் மஹானந்தாவின் கன்னத்தைத் தொட்டு, "என்ன பளபளப்புடீ! பாக்கெட்டை விட்டா இப்படியா ஆகும்?" என்றார்கள். சுவர்ணா வாளியோடு பக்கத்திலேயே நின்றாள். அவள் கன்னத்தை யாரும் தொடவில்லை.

ஆகாமல் என்ன? புதனும் சனியும் மஹானந்தாவுக்கு ஊரிலிருந்து, அவள் 'அவ்வா' என்று கூப்பிடும் அம்மா பஸ்ஸில் சாப்பாட்டு மூட்டை ஏற்றிவிடுவாள். சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கடலைப் பொடி, தயிர். உட்கார்ந்து தின்றால் போதும். சுவர்ணாவின் அம்மா பெங்களூரில் தையல் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவள். "நல்லா சாப்பிடும்மா" என்று போனில் சொல்வாள். அவளால் அனுப்ப முடிந்தது அவ்வளவுதான். சுவர்ணா அரிசியையும் பருப்பையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிட்டுப் பார்த்தாள். பதினோராம் நாள் கதவைத் தாழிட்டு, நூடுல்ஸை வேகவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் நொறுக்கித் தின்றாள். மஹானந்தாவோ ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம், "உனக்குத்தான் காரம் ஒத்துக்காதே" என்று வருத்தப்படுவாள். அந்த வருத்தத்தைத்தான் சுவர்ணாவால் சகிக்க முடியவில்லை.

சனிக்கிழமை மஹானந்தா செய்முறைத் தேர்வுக்குப் போயிருந்தாள். அறையில் விட்டுப் போன அவள் போன் அடித்தது. பஸ் கண்டக்டர். தேர்வு இழுத்துவிட்டது போல, மூட்டை வாங்க யாரும் வரவில்லையாம். பஸ் திரும்ப இருபது நிமிடம்தான் இருக்கிறதாம்.

திரும்பிப் போகட்டும், ஒரு நாளாவது இவளும் காயட்டும் என்றுதான் சுவர்ணாவுக்கு முதலில் தோன்றியது. பிறகு, வழியில் ஒரு ரொட்டியையாவது திருடித் தின்னலாம் என்று செருப்பை மாட்டினாள்.

"நீ யாரும்மா?" என்றார் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்.

"மஹானந்தா ரூம்ல இருக்கேன். சுவர்ணா."

"அட, வயித்துப்புண்ணு பொண்ணா!" அவர் சிரித்துக்கொண்டே இரண்டு மூட்டைகளை எடுத்து நீட்டினார். "பெருசு அவளுக்கு. சின்னது உனக்கு. காரம் போடாம தனியா செஞ்சிருக்குன்னு அவ அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் ஏத்தும். போன தடவை கத்தரிக்கா பிடிச்சுதான்னு உன்னைக் கேக்கச் சொல்லுச்சு."

சுவர்ணா சின்ன மூட்டையைப் பார்த்தாள். இன்னும் சூடு மிச்சமிருந்தது.

"பிடிச்சுது" என்றாள்.

தேர்வு முடிந்து வந்த மஹானந்தா, கட்டில்மேல் இரண்டு மூட்டைகளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இத்தனை நாளா என் மூட்டையை என்ன பண்ணினே?" என்று கேட்டாள் சுவர்ணா.

"கீழ் ரூம் பொண்ணுங்களுக்குக் குடுத்துட்டேன்." பையைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்தாள். "போன் பண்ணினா எங்கவ்வா உன்னையேதான்டீ விசாரிப்பா. அந்தப் பொண்ணு தானே சமைக்குதாமே, அதுதான் முதல் மார்க்காமே, வயிறு இப்ப எப்படி இருக்குன்னு. ஸ்கூல் நாள்லேருந்து அவ கட்டிக் குடுத்ததைத் தின்னுட்டிருக்கேன். நான் சாப்பிட்டேனான்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எனக்கு வயிறு எரிஞ்சுது."

வழி நெடுக வசவுகளைச் சேர்த்துக்கொண்டுதான் சுவர்ணா வந்திருந்தாள். கோபம் இருந்தது. அதற்கு அடியில், தன்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது என்ற வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதென்று குனிந்து, சின்ன மூட்டையை அவிழ்த்து ஒரு விள்ளல் வாயில் போட்டாள்.

போன் அடித்தது. திரையில் 'அவ்வா'.

"நீயே எடு. உன்னைத்தான் கேப்பா" என்றாள் மஹானந்தா.

சுவர்ணா ஸ்பீக்கரைப் போட்டு, போனை இருவருக்கும் நடுவே தரையில் வைத்தாள். அந்தப் பக்கம் மாடு கத்தியது, பாத்திரம் உருண்டது. எடுத்தது யாரென்று தெரியாமலே, "சாப்பிட்டியாம்மா?" என்றது குரல்.

வாயிலிருந்ததை மெல்லாமல் சுவர்ணா மஹானந்தாவைப் பார்த்தாள். மஹானந்தா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? சாப்பிட்டியா?"