எண்பத்தெட்டு

என் புருசன் மலை ஏறுவதற்கு முன்பே அவர் ஃப்ளெக்ஸ் சேந்தமங்கலம் முக்கில் ஏறிவிட்டது. "பதினாறாயிரம் அடி சிகரம் தொட்ட சிங்கமே!" கறுப்புக் கண்ணாடி போட்ட போட்டோ. அதன் கீழே காலை நடைக்குழு நண்பர்கள் பன்னிரண்டு பேரின் தலைகள்.

"போறதுக்கு முன்னாலயே எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"வாய வெச்சுத் தொலைக்காத. வாரம் தவறாம கொல்லிமலை ஏர்றவன்டி நானு" என்றார் தனசேகர். அந்த மலையும் பனிமலையும் அவருக்கு ஒன்றுதான். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

நாங்கள் கோழிப்பண்ணைக்காரர்கள். பத்தாயிரம் கோழி கத்துகிற கொட்டகைக்குள் நுழைந்தால், எது நோவுக் கோழி என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தேறும் என்றால் விடுவார். தேறாது என்றால் கூண்டைத் திறந்து எடுத்து வெளியே போடுவார். பதினாலு வருடம் கூடவே இருந்ததில் அந்தப் பார்வை எனக்கும் வந்துவிட்டது.

கூட்டிப் போனவர் சேலத்துக்காரர் ஆஷிக். கிளம்பும் முன்பு நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். "தலைவலி வந்தா மறைக்காதீங்க. தண்ணி நிறைய குடிங்க. நடை தள்ளாடினா, நெஞ்சுக்குள்ள கொரகொரன்னா அந்த நிமிசமே கீழ இறங்கிடணும். புருசன் பொண்டாட்டியில ஒருத்தர் இறங்கினா இன்னொருத்தரும் கூடவே இறங்கணும். அதுல பேச்சே கிடையாது." எழுதின தாள் ஒன்றும் கொடுத்தார். நான் அதை நாலு தடவை படித்தேன். என் புருசன் அதில் முறுக்கைப் பொட்டலம் கட்டினார்.

மூன்றாவது முகாமில் எனக்குத் தலை பிளந்தது. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தி. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைக் கொண்டு போயிருந்தோம். விரலில் மாட்டினேன். அறுபத்தாறு.

"ஏனுங்க, என்னால ஆகலீங்க. எறங்கிரலாமுங்க."

"நீ எறங்குனா நானும் எறங்கோணும். ஊரு பூரா ஃப்ளெக்ஸ் நிக்குது. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?"

சாயங்காலம் ஐந்து மணி. பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆஷிக் கூடாரம் கூடாரமாக வந்து எல்லார் விரலிலும் ஆக்சிஜன் அளவு பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எங்கள் கூடாரத்தின் ஜிப்பைக் கொஞ்சமாகத் திறந்து, "கைய மட்டும் நீட்டுங்க, பனி உள்ள வந்துடும்" என்றார். தனசேகர் கறுப்புக் கையுறை போட்ட வலது கையை நீட்டினார். தொண்ணூற்றொன்று. "சூப்பர்ணா. அக்காவோடது?"

என் புருசன் என்ன செய்தார் தெரியுமா? என் கையிலிருந்த ரோஸ் நிறக் கையுறையை உருவினார். அவருடையதைப் போலவே விரல் நுனி வெளியே தெரிகிற கம்பளிக் கையுறை அது. தையல் தெறிக்கத் தெறிக்கத் தன் இடது கையில் மாட்டி நீட்டினார். தொண்ணூறு. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். மற்ற கையால் என் வாயைப் பொத்தினார். ஆஷிக் அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார்.

பாவி மனுசன் அன்று நிம்மதியாகக் குறட்டை விட்டார். நான் மூச்சை ஒவ்வொன்றாகத் தேடி இழுத்தேன். மறுநாள் ஓய்வு நாளாக இருந்ததால் பிழைத்தேன். எழுந்து உட்கார்ந்ததும், "பாத்தியா, செத்தா போயிட்ட?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை.

கடைசி முகாமுக்கு ஏறியபோது அவருக்கு நடை தள்ளாடியது. கூடாரத்துக்குள் வந்து விழுந்தவருக்கு உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சுக்குள் உலை கொதிக்கிற மாதிரி கொரகொர. மாட்டிப் பார்த்தேன். ஐம்பத்தேழு. எனக்கு எண்பத்தெட்டு.

"ஆஷிக்கைக் கூப்புடட்டுங்களா?"

"கூப்புட்டீன்னா... கொன்னே போடுவேன். நாளைக்கு உச்சி. நீ உன் வெரல நீட்டு."

பண்ணையில் பார்க்கிற பார்வையால் அவரைப் பார்த்தேன். இப்போதே இறங்கினால் தேறும். இங்கேயே படுத்தால் தேறாது. சந்தேகமே இல்லை.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. அவருடைய கறுப்புக் கையுறையை என் வலது கையில் மாட்டினேன். தொளதொளவென்று இருந்தது. ஜிப் இடைவெளியில் நீட்டினேன். எண்பத்தெட்டு. பிறகு என் ரோஸ் கையுறையோடு இடது கை. எண்பத்தேழு.

"அண்ணா இருமுற மாதிரி இருக்கே அக்கா?" என்றார் ஆஷிக்.

"சளிங்க தம்பி. ஊட்டுலயும் இப்படித்தான் இருமுவாங்க."

விரலை நீட்டச் சொன்னது அவர். சளி என்று அவர் சொல்லச் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

விடியும்போது அவரை ஸ்ட்ரெச்சரில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. ஆஷிக் நோட்டைத் திறந்து என் முன்னால் காட்டிக் காட்டி அழுதார். "எண்பத்தெட்டு இருந்துச்சே அக்கா! நானே பாத்தேனே!"

"ஆமாங்க தம்பி, இருந்துச்சு" என்றேன். அந்தப் பிள்ளை இனி எந்த மலைக்கும் யாரையும் கூட்டிப் போக மாட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

சேந்தமங்கலம் முக்கில் இப்போது புது ஃப்ளெக்ஸ். அதே போட்டோ, அதே கறுப்புக் கண்ணாடி, கீழே அதே பன்னிரண்டு தலைகள். மேலே மட்டும் கண்ணீர் அஞ்சலி.

பதினாறாம் நாள் காரியத்தன்று மாமியார் முத்தாயம்மாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "கூடவே இருந்தியே சாமி, எறங்கலாம்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"அவிய பேச்ச நான் என்னைக்குங்க அத்தே தட்டியிருக்கறேன்?" என்றேன்.

கூடியிருந்த பொம்பளைகள் எல்லாரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இப்படி ஒரு பொண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள் என்றார்கள். மாமியார் என் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.