மூன்று புள்ளி குறைவு

மாற்றுத்திறனாளிகள் நீச்சலில் தேசிய சாதனைப் பட்டியலைப் பராமரிப்பது பதினொரு ஆண்டுகளாக என் வேலை. மற்ற நீச்சலில் ஒரு தூரத்துக்கு ஒரு சாதனைதான். எங்களுடையதில் பல. நீந்துபவரின் உடல் தண்ணீரில் அவருக்கு எவ்வளவு உதவுகிறது என்று பார்த்து ஒரு எண் கொடுப்பார்கள். எஸ்-10 என்றால் கொஞ்சம்தான் குறை. எண் இறங்க இறங்க உடலின் உதவியும் இறங்கும். எஸ்-1 என்றால் கிட்டத்தட்ட மிதப்பது மட்டும்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் பட்டியலில் ஒரு வரி. வரியில் ஒரு பெயர், ஊர், நேரம்.

பெண்கள் ஐம்பது மீட்டர் மல்லாந்த நீச்சல், எஸ்-5 வரியில் ஆறு ஆண்டுகள் ஒரே பெயர் இருந்தது: விவியானா ஊசுகா, மெதெயின், 51.90. அந்த நகரத்தின் மன்ரிக்கே மேட்டில் குடியிருந்தவள். நரம்புகளின் மேலுறையை உடலே அரித்துத் தின்னும் நோய் அவளுக்கு. முதலில் கால்கள் போயின. பிறகு நோய் விரல் நுனிகளுக்கு வந்தது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்து ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வாள். அந்த மருந்து இருப்பதைக் காப்பாற்றும். அவ்வளவுதான்.

பிறகு ஒரு மார்ச்சில் பொகோத்தாவிலிருந்து வந்த பதினேழு வயதுப் பெண் ஒருத்தி 48.33-இல் நீந்தினாள். அன்று மாலையே விவியானா எனக்குப் போன் செய்தாள்.

"சார், என் பேரை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்மா."

"இன்னிக்கேவா? ஒரு நாள் விட்டுவெச்சா உங்க சொத்தா போயிடும்?"

"பேரை இழந்தவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க."

பிறகு, "எஸ்-4ல என்ன டைம் சார்?" என்றாள்.

பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியதுதான். படித்துச் சொன்னேன். "ஒரு நிமிஷம் மூணு புள்ளி நாப்பத்தொண்ணு. யேனிஸ் பலோமினோ, பராங்கியா."

"ஒரு நிமிஷம் மூணா? நான் தூங்கிக்கிட்டே அதைவிடச் சீக்கிரம் போவேனே!"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்து நடந்ததை அவள் தங்கை தோர்லியிடமிருந்து பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

விவியானாவைப் போல நோய் கூடிக்கொண்டே போகிறவர்களை ஒவ்வொரு தேசியப் போட்டிக்கும் இரண்டு நாள் முன்னால் மறுபடி சோதிப்பார்கள். மேசையில் படுக்கவைத்து, இரண்டு பரிசோதகர்கள் ஒவ்வொரு தசையாக எதிர்த்துத் தள்ளச் சொல்லிப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் வருவதுதான் எண்ணைத் தீர்மானிக்கும். நூற்று நாற்பதுக்கு மேல் எஸ்-5. நூற்றுப் பதினாறிலிருந்து நூற்று நாற்பது வரை எஸ்-4. அதற்கு முந்தின ஆண்டு விவியானா வாங்கியது நூற்று நாற்பத்தேழு.

பயிற்சியாளர் எவேலியோ நீச்சல் குளக்கரை பெஞ்சில் உட்கார்ந்து பயிற்சித் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். யாரையும் கைநீட்டி அடித்தறியாத மனிதர். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் எல்லோருக்கும் சூடான பூன்யுவேலோ, எண்ணெயில் பொரித்த பாலாடைக்கட்டி உருண்டை, வாங்கி வருவார்.

"ஏழு புள்ளி குறையணும். ஒரு ட்ரிப்ஸைத் தள்ளிப்போட்டாப் போதும்," என்றார்.

"மாஸ்டர், அது மருந்து. தள்ளிப்போட அதென்ன சலூன் அப்பாயின்ட்மென்ட்டா?" என்றாள் தோர்லி.

"நிறுத்தவா சொன்னேன்? சோதனைக்கு அப்புறம் ஏத்திக்கட்டும். ஆஸ்பத்திரியில மருந்து தீந்துபோய் ஒரு மாசம் விட்டுப்போன கதை உங்க வீட்லயே நடந்திருக்குல்ல? செத்தா போயிட்டா?"

"அன்னிக்கு இவளுக்கு நான்தான் பல்லு விளக்கி விட்டேன். நீங்களா விளக்கினீங்க?"

"இதுல பொய் ஏதாவது இருக்கா, சொல்லு. கை இல்லாத மாதிரி நடிக்கச் சொல்லலையே. அன்னிக்கு என்ன இருக்கோ அதைத்தான் காட்டப் போறா."

விவியானா கன்னத்தில் ஒட்டியிருந்த ஈர முடியைப் புறங்கையால் ஒதுக்கினாள். "தோர்லி, கை என்னோடது. நீ என்னைக் கூட்டிட்டு வர மோட்டார்சைக்கிள் ஓட்டு, போதும்."

ஜூலை ட்ரிப்ஸுக்கு அவள் போகவில்லை. கடைசி ட்ரிப்ஸிலிருந்து ஆறாவது வாரம் எவேலியோ ஒரு டென்னிஸ் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்து பள்ளமானது. அவர் முகம் வாடியது. அந்த உடம்பு அவர் நினைத்ததைவிடப் பிடிவாதமாக இருந்தது. ஆகஸ்ட் ட்ரிப்ஸையும் விட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டபோது, சளி, காய்ச்சல் என்று விவியானாவே சொன்னாள்.

ஒன்பதாவது வாரம் ஐம்பத்தேழு வினாடியில் நீந்தினாள். எஸ்-4 சாதனையைவிட ஆறு வினாடி வேகம். பந்தில் பாதிப் பள்ளம்தான் விழுந்தது. எவேலியோ கணக்குப்படி நூற்று முப்பத்தைந்து. அன்று அவள் குளத்தைவிட்டு ஏறும்போது பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினாள். போட்டிவரை உடம்புக்கு ஓய்வு கொடுக்கலாம், இனி நேரம் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

சோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளில் கை விழுந்தது. படிப்படியாக விழும் என்று நினைத்திருந்தார்கள். ஒரு காலையில் அரேபா சோள ரொட்டியை எடுக்கப் போய், விரல் மடங்காமல், இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கித் தின்றாள். மறுநாள் அதுவும் நழுவியது.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. கால்ல விழறேன்," என்றாள் தோர்லி.

"ரெண்டு மாசம் பொறுத்தாச்சு. நாலு நாளுக்காக விடச் சொல்றியா?"

எவேலியோவிடம் சொன்னபோது, "சரியான நேரத்துல இறங்கியிருக்கு," என்றாராம்.

அந்த ஆண்டுப் போட்டி மெதெயினில்தான். பரிசோதகர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள். நாற்பது நிமிடம் பார்த்தார்கள். "தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க. இவ்வளவுதானா?" விவியானா உண்மையாகவே தள்ளினாள். மேசையில் விரித்திருந்த காகிதம் முதுகு வியர்வையில் கிழிந்துவிட்டது. தண்ணீரிலும் இறக்கிப் பார்த்தார்கள். மதியம் தாளைக் கதவில் ஒட்டினார்கள்.

நூற்றுப் பதின்மூன்று. எஸ்-3.

எவேலியோ தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கதவைத் தட்டினார். முடிவுகளைக் குறித்துக்கொள்ள நான் உள்ளே இருந்தேன்.

"போன வருஷம் நூத்தி நாப்பத்தேழு வாங்கின பொண்ணு இவ. எங்கயோ தப்பு நடந்திருக்கு. மறுபடி பாருங்க."

மூத்த பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வருஷத்துல முப்பத்துநாலு புள்ளி. எங்களுக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. ட்ரிப்ஸ் ஒழுங்கா ஏத்துறாங்களா? ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தா கொண்டாங்க. மறுசோதனைக்குச் சேத்துக்கறோம்."

எவேலியோ கதவின் கைப்பிடியைப் பிடித்தார். "வேண்டாம். நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெண்கள் ஐம்பது மீட்டர் மல்லாந்த நீச்சலில் எஸ்-3 வரி அதுவரை காலியாகவே இருந்தது. நாட்டில் அந்த எண்ணில் நீந்த ஒரு பெண்ணும் வந்ததில்லை. ஒருத்திக்காகத் தனியாகப் போட்டி வைக்க மாட்டார்கள் என்பதால் எஸ்-4 பெண்களோடு சேர்த்து நீந்தவிட்டார்கள். யேனிஸுக்கு நான்காவது பாதை, விவியானாவுக்கு ஐந்தாவது.

போட்டிக்கு முன் எல்லோரையும் வரிசையாக உட்காரவைக்கும் அறையில் யேனிஸ் தன் சக்கர நாற்காலியை விவியானாவின் நாற்காலியோடு உரசுகிற மாதிரி நிறுத்தினாள். கடற்கரைக்காரி. அடக்கிப் பேசத் தெரியாது.

"வா தங்கம். என் சாதனையை வாங்கிட்டுப் போக வந்தியாமே? பராங்கியா வரைக்கும் சேதி வந்துச்சு."

விவியானா சுவரைப் பார்த்தாள்.

"நீ மூணுக்குப் போயிட்டியாமே. தப்பான ஸ்டாப்ல இறங்கிட்டியே கண்ணு!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கையில்லாதவர்கள், காலில்லாதவர்கள், எல்லோரும். அந்த அறையில் யாருக்கும் யார்மேலும் இரக்கம் கிடையாது.

"உன் டைம் எனக்கு வார்ம்-அப்," என்றாள் விவியானா.

"அது போன வருஷக் கைக்கு." யேனிஸ் குனிந்து அவள் மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "பதினஞ்சு வயசுல பாறை இருக்கறது தெரியாம ஆத்துல தலைகீழா குதிச்சேன். அப்படித்தான் இந்த நம்பர் எனக்கு வந்துச்சு. நீ காலண்டர் பாத்து வாங்கியிருக்க."

நாற்காலிக்குப் பின்னால் நின்ற தோர்லி, "வாயை மூடு," என்றாள். அக்காவின் கைகள்மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

மல்லாந்த நீச்சலில் தண்ணீருக்குள் இருந்து கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் கிளம்ப வேண்டும். கம்பியைப் பிடிக்க முடியாதவர்களுக்கு விதியில் ஒரு சலுகை உண்டு. கரையில் ஒருவர் துண்டைத் தொங்கவிட, நீந்துபவர் அதைப் பல்லால் கடித்துக்கொள்ளலாம். விவியானாவின் அட்டையில் அந்தச் சலுகைக்கான எழுத்தை முந்தின நாள்தான் போட்டிருந்தார்கள்.

தோர்லி கரையில் மண்டியிட்டுத் துண்டை இறக்கினாள்.

"இதையா வாயில கவ்வணும்? நாயாடி நான்?"

"கவ்வுக்கா. எல்லாரும் தயாரா இருக்காங்க."

"கம்பியைப் பிடிச்சுப் பாக்கறேன்." கையைத் தூக்கினாள். விரல்கள் கம்பியின் மேல் விழுந்து வழுக்கின. இரண்டாவது முறையும் வழுக்கின. நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். விவியானா துண்டைக் கடித்தாள்.

உள்ளூர்க் கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. முதல் பத்து மீட்டரில் யேனிஸின் தோளுக்குச் சமமாகப் போனாள். தோள் நன்றாகத்தான் இருந்தது. கை மட்டும் தண்ணீரைப் பிடிக்காமல் நழுவவிட்டுக்கொண்டே இருந்தது. இருபத்தைந்தாவது மீட்டரில் யேனிஸ் ஒரு உடல் நீளம் முன்னால் போனாள். அதன்பின் ஒவ்வொருவராக விவியானாவைத் தாண்டினார்கள். கடைசி ஐந்து மீட்டரில் பாதைக் கயிற்றில் இரண்டு முறை மோதினாள். சுவரைத் தலையால் தொட்டாள்.

யேனிஸ் 1:02.88. தன் சாதனையைத் தானே உடைத்தாள். விவியானா 1:09.15, எட்டுப் பேரில் எட்டாவது.

மூன்று புள்ளி கூடுதலாகக் கிடைத்து அவள் எஸ்-4 ஆகியிருந்தாலும் அந்த நேரத்தை வைத்துக்கொண்டு எதையும் உடைத்திருக்க முடியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதபடி பலகையில் இரண்டு எண்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன.

ஒலிபெருக்கி இரண்டு தேசிய சாதனைகள் என்று அறிவித்தது. கூட்டம் எழுந்து நின்றது.

"என்னுதுமா?" என்று தண்ணீரிலிருந்தே கேட்டாள் விவியானா.

"உன்னுதும்தான்க்கா."

சாதனைப் படிவத்தில் போட்டி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் நீந்தியவர் கையெழுத்திட வேண்டும். யேனிஸ் பேனாவை இரண்டு விரல் இடுக்கில் செருகி, நாக்கைத் துருத்திக்கொண்டு கிறுக்கினாள். விவியானாவுக்கு மைப்பெட்டி வரவழைத்தேன். அவள் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து கிடந்தது. தோர்லி அதைப் பிரித்து, துடைத்து, மையில் தோய்த்துக் காகிதத்தில் வைத்தாள். ஈரத்தில் மை பரவிக் கரும்பொட்டாகிவிட்டது. இன்னொரு படிவம் எடுத்தேன்.

"நேரா வெச்சு அழுத்துடி. அழுதுக்கிட்டே செஞ்சா இப்படித்தான் கலையும்," என்றாள் விவியானா.

மூன்றாவது படிவத்தில் ரேகை விழுந்தது. அன்று மாலை ஏழு மணிக்குப் பட்டியலில் ஏற்றினேன்.

அடுத்த வாரமே ட்ரிப்ஸ் தொடங்கினார்கள். ஒரு தவணையும் தவறவில்லை என்று தோர்லி சொன்னாள். மருந்து மிச்சத்தைக் காத்தது. போனது போனதுதான்; நரம்பே செத்துவிட்டது என்றார் டாக்டர். நரம்பு உயிரோடு இருந்தால்தான் மருந்துக்கு வேலை. எவேலியோ நிறைய நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு பயிற்சி கொடுக்க அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு தேசியப் போட்டிக்கு விவியானா வந்தாள். நோய் கூடுவது நின்றுவிட்டதால் எஸ்-3 என்று நிரந்தரமாக எழுதிவிட்டார்கள். இனி அவளுக்குச் சோதனை கிடையாது. துண்டைக் கேட்காமலே கவ்வினாள். 1:14.60. தோர்லி அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து என் மேசைப் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பழசே நிக்குதா சார்?"

"நிக்குதும்மா."

"பாஸ்தோவுலேருந்து புதுசா ஒரு பொண்ணு வருதாமே. அடுத்த போட்டிக்காக இங்கயே சோதனைக்கு வந்திருக்காம். என்ன வியாதி?"

"பொறக்கும்போதே ரெண்டு கையும் முழங்கையோட சரி. காலும் சரியில்லை. பதினாலு வயசு."

"நல்லா நீந்துதா?"

"மீன் மாதிரிங்கறாங்க."

விவியானா சோதனை அறையின் மூடிய கதவையே பார்த்தாள். உள்ளே யாரோ "தள்ளு, இன்னும் தள்ளு," என்று சொல்லிக்கொண்டிருந்தது லேசாகக் கேட்டது.

"ரெண்டு குடுத்துடுவாங்கல்ல சார்?" என்றாள். "மூணு வேண்டாம். அந்தப் பொண்ணு உடம்பு ரெண்டுக்குத்தான் லாயக்கா இருக்கணும், கடவுளே."

தோர்லி நாற்காலியின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். விவியானா கவனிக்கவில்லை. கதவில் தாள் ஒட்டும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.